எல்லாம் ஃபைபர் ஆகிவிட்டதே, தரை நிலையத்துக்கு இனி என்ன வேலை?

கார்முகில் (#1)

வணக்கம். தொலைத்தொடர்புப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வாரம் எங்கள் வகுப்பை ஒரு செயற்கைக்கோள் தரை நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். வளாகத்தின் நடுவில் 30 மீட்டர் அகல டிஷ் ஒன்று நிற்கிறது. அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எங்களில் பலருக்குப் பேச்சே வரவில்லை. ஆனால் அது இப்போது ஓடுவதில்லையாம். பக்கத்தில் இருக்கும் 9 மீட்டர், 4 மீட்டர் டிஷ்கள்தான் வேலை செய்கின்றன.

திரும்பும் வழியில் ஒரே வாக்குவாதம். “கண்டம் விட்டுக் கண்டம் போவதெல்லாம் கடலடி ஃபைபர். மிச்சத்தைத் தாழ்வட்டப் பாதைச் செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொள்ளும், வீட்டுக் கூரையில் ஒரு தட்டு வைத்தால் போதும். நடுவில் தரை நிலையம் எதற்கு?” என்று கேட்டான் நண்பன். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த டிஷ் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது, இப்போதுள்ளவை எப்படிச் சிறியதாயின? இந்தத் துறையில் இனி வேலை என்று ஒன்று இருக்கிறதா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பரவளையம் (#2)

தம்பி, நான் 31 வருடம் தரை நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நீங்கள் பார்த்தது போன்ற ஒரு டிஷ்ஷின் கீழேதான் என் பாதி வாழ்க்கை போனது. அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூமியோடு சேர்ந்தே சுற்றுவதால் வானில் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள் இருப்பது 35,786 கி.மீ. உயரத்தில். அங்கிருந்து கிளம்பும் அலை பூமிக்கு வந்து சேர்வதற்குள் சுமார் 196 டெசிபல் இழப்பு, 4 கிகாஹெர்ட்ஸில். எண்ணாகச் சொன்னால் மனதில் நிற்காது. செயற்கைக்கோளில் அலையை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி, இன்றைய சக்தி வாய்ந்த சி-பேண்ட் டிரான்ஸ்பாண்டராகவே இருந்தாலும், 30 மீட்டர் டிஷ் திரட்டிக் கொடுப்பது ஏறக்குறைய ஒரு வாட்டை ஆயிரம் கோடிப் பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்குதான். 1965-இல் ஏவிய ஏர்லி பேர்ட் செயற்கைக்கோளை நினைத்துப் பாருங்கள். விண்ணில் அதன் எடை 40 கிலோவுக்கும் குறைவு. அந்தச் சின்ன உருளையால் எவ்வளவு சத்தமாகப் பேச முடியும்? அது மெதுவாக முணுமுணுத்தது, கீழே நாங்கள் பெரிய காதை வைத்துக் கேட்டோம். அவ்வளவுதான் கணக்கு. மேலே இருப்பவன் பலவீனமாக இருந்தால் கீழே இருப்பவன் பெருத்துத்தான் ஆக வேண்டும்.

காது பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, காதுக்குள் இரைச்சல் இருக்கக் கூடாது. டிஷ்ஷுக்கு அடுத்தபடியாக உட்காரும் எல்.என்.ஏ. என்னும் குறை இரைச்சல் பெருக்கிதான் நிலையத்தின் உயிர். அந்தக் காலத்தில் அதை ஹீலியம் வைத்து 20 கெல்வின் அளவுக்குக் குளிர்விப்பார்கள். அந்தக் கம்ப்ரஸர் ‘டக்... டக்...’ என்று அடித்துக்கொண்டே இருக்கும். இரவுப் பணியில் அந்தச் சத்தம் நின்றால் தூக்கத்திலிருந்தும் எழுந்துவிடுவோம். இன்றைக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கி, குளிர்விக்காமலேயே அந்த வேலையைக் கிட்டத்தட்ட அதே தரத்தில் செய்கிறது.

டிஷ்ஷின் அளவுக்கும் பெருக்கியின் இரைச்சலுக்கும் உள்ள விகிதத்தை ‘ஜி பை டி’ என்போம். பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்பான இன்டெல்சாட்டின் தரம் ‘ஏ’ நிலையம் என்று பெயர் வாங்க முதலில் 40.7 தேவைப்பட்டது. அதற்குத்தான் 30 மீட்டர். செயற்கைக்கோளின் சக்தி கூடக் கூட, பிறகு அதை 35 ஆகக் குறைத்தார்கள். பாதி அகல டிஷ் போதுமானது. நீங்கள் பார்த்த இடத்தில் நடந்ததும் இதுவாகத்தான் இருக்கும். வேலை மறையவில்லை, எடை கீழிருந்து மேலே போயிருக்கிறது.

ஆழ்கடல் (#3)

பரவளையம் ஐயா சொன்னதில் தொழில்நுட்பமாக எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஆனால் நான் கடலடிக் கம்பிப் பக்கம் வேலை பார்ப்பவன், தம்பியின் நண்பர் கேட்டதில் பெரும்பகுதி சரி என்றுதான் சொல்வேன்.

1956-இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் தொலைபேசிக் கம்பி டாட்-1, ஒரே நேரத்தில் 36 உரையாடல்கள். 1965-இல் ஏர்லி பேர்ட் வந்து 240 தொலைபேசிச் சுற்றுகள் கொடுத்தது. அப்போது கம்பிக்காரர்கள் தோற்றார்கள், ஒப்புக்கொள்கிறேன். 1988-இல் டாட்-8 ஃபைபர் போட்டார்கள், 40,000 உரையாடல்கள். அதோடு அந்தக் கதை முடிந்தது. செயற்கைக்கோள் வழியே நீங்கள் ஒரு கேள்வி கேட்டால், அது ஏறி இறங்கவே கால் வினாடி. பதில் வர இன்னொரு கால் வினாடி. இரண்டு பேர் பேசும்போது அரை வினாடி இடைவெளி என்றால் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்துகொண்டே இருப்பார்கள். ஒளியின் வேகத்தை யாரும் கூட்ட முடியாது. இன்று கண்டங்களுக்கு இடையே போகும் தரவில் 95 சதவீதத்துக்கு மேல் கடலுக்கு அடியில்தான் போகிறது.

ஆகவே அந்த 30 மீட்டர் டிஷ் நின்றுபோனதற்கு எடை மேலே போனது மட்டும் காரணம் இல்லை. அதில் போய்க்கொண்டிருந்த பேச்சு எல்லாம் கடலுக்குள் இறங்கிவிட்டது.

கார்முகில் (#4)

இரண்டு பேருக்கும் நன்றி. அப்படியானால் தாழ்வட்டப் பாதையில் 550 கி.மீ. உயரத்தில் ஓடுகிறவற்றுக்குத் தாமதம் பெரிதாக இருக்காதே. அவற்றுக்குள்ளேயே லேசர் இணைப்பும் இருக்கிறது. அங்கே தரை நிலையம் தேவையில்லைதானே?

மின்னல்கொடி (#5)

கார்முகில், இதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள், நிஜம் இதற்கு நேர் எதிர். நான் தாழ்வட்டப் பாதைச் சேவை ஒன்றில் கேட்வே பக்கம், அதாவது செயற்கைக்கோளை இணையத்தோடு இணைக்கும் தரை நிலையத்தில் வேலை பார்க்கிறேன்.

புவிநிலைச் செயற்கைக்கோள் ஒன்று பூமியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கைப் பார்க்கும். அதனால் ஒரு பெரிய நிலையம் ஒரு கண்டத்துக்கே போதும். 550 கி.மீ. உயரத்தில் ஓடுவது எவ்வளவு தூரம் பார்க்கும்? அடிவானத்திலிருந்து 25 டிகிரிக்கு மேலே தெரிந்தால்தான் பயன் என்று வைத்துக்கொண்டால், தனக்கு நேர் கீழே சுமார் 940 கி.மீ. ஆரத்துக்குள்தான். உங்கள் கூரைத் தட்டும் கேட்வேயும் ஒரே நேரத்தில் அந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் லேசர் இல்லாத செயற்கைக்கோள் வெறும் வளைத்த குழாய் மாதிரி. ஒரு பக்கம் ஊற்றியது மறுபக்கம் வழியும், அவ்வளவுதான். ஆகவே நிலையங்கள் குறையவில்லை, பெருகியிருக்கின்றன. முன்பு ஒன்று இருந்த பரப்புக்கு இப்போது பத்து, இருபது.

அந்த நிலையமும் சும்மா நிற்பதில்லை. செயற்கைக்கோள் வினாடிக்கு 7.6 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. எங்கள் தலைக்கு மேல் வந்து மறைய ஒரு சில நிமிடங்கள்தான். ஒரு ஆன்டெனா அதைத் துரத்திக்கொண்டு மேற்கிலிருந்து கிழக்கே சாயும்போதே, இன்னொன்று அடுத்த செயற்கைக்கோள் எழும் இடத்தைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும். புதியதைப் பிடித்த பிறகுதான் பழையதை விட வேண்டும், வரிசை மாறினால் பயனர் பக்கம் அழைப்பு அறுந்துபோகும். குவிமாடங்களுக்குள் அவை திரும்பும் வேகத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தால் பயமாகவே இருக்கும்.

லேசர் விஷயம் உண்மை. நடுக்கடலில் இருக்கும் கப்பலின் தரவு ஐந்தாறு செயற்கைக்கோள் தாண்டி ஒரு கேட்வேயில் இறங்கும். ஆனால் கடைசியில் எங்காவது இறங்கியே ஆக வேண்டும். நீங்கள் பார்க்க விரும்பும் காணொளி விண்வெளியில் இல்லையே, தரையில் ஒரு சர்வரில்தானே இருக்கிறது! ஆழ்கடல் சொல்லும் அந்த ஃபைபர்தான் எங்கள் கேட்வேயின் பின்வாசல். நல்ல ஃபைபர் வராத இடத்தில் நாங்கள் நிலையம் போடுவதே இல்லை.

செவ்வந்தி (#6)

நான் தொலைக்காட்சி ஒளிபரப்பில் அப்லிங்க், அதாவது செயற்கைக்கோளுக்கு மேலே அனுப்பும் வேலை பார்ப்பவள். இங்கே எல்லோரும் வாங்கும் காதைப் பற்றியே பேசுகிறீர்கள், பேசும் வாயைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும்.

மேலே அனுப்பும்போது தப்பு செய்தால் அது நம்மோடு போகாது. அதே டிரான்ஸ்பாண்டரில் இருக்கும் அடுத்தவரையும் கெடுக்கும். ஒரே அதிர்வெண்ணில் இரண்டு பேர் போவார்கள், அலை அதிரும் திசைதான் வேறு: ஒருவர் நெடுக்கு முனைவாக்கத்தில், ஒருவர் கிடக்கையில். டிஷ்ஷுக்கு அலையை ஊட்டும் நம் ஃபீட் இரண்டு டிகிரி முறுகியிருந்தால் போதும், நம் சிக்னல் மற்றவர் வீட்டுக்குள் கசிய ஆரம்பித்துவிடும்.

எனக்கே நடந்தது. இரவு முழுக்கப் பலத்த காற்று. மறுநாள் காலையில் செயற்கைக்கோள் கண்காணிப்பு மையத்திலிருந்து தொலைபேசி. “உங்கள் கேரியர் எதிர் முனைவாக்கத்தில் தெரிகிறது, உடனே நிறுத்துங்கள்.” நேரலைக்கு நாற்பது நிமிடம்தான் இருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் ஃபீடைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பின் ஒரு போல்ட் தளர்ந்திருக்கிறது. முந்தைய வாரப் பராமரிப்பில் அதை முறுக்கியதாகக் கையெழுத்து இருந்தது. சரி, அதைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று, கீழே சகா தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நிற்க, படமோ ஒலியோ ஏற்றாத வெறும் கேரியர் அலையைக் குறைந்த சக்தியில் விட்டோம். நம் கசிவு எத்தனை டெசிபல் கீழே இருக்கிறது என்று அந்தப் பக்கம் ஒருவர் எண்ணைப் படிக்கிறார்: “22... 25... இன்னும் வலது பக்கம்... 29... மெதுவா... 34, 35, 34. தாண்டிட்டீங்க, ஒரு மயிரிழை திரும்பி வாங்க.” 35-இல் போல்ட்டை முறுக்கினேன். கை நடுங்கியது இன்னும் நினைவில் இருக்கிறது. நேரலைக்கு மூன்று நிமிடம் முன்னால் அனுமதி கிடைத்தது.

இந்தத் தப்பு இன்று நேற்று வந்ததில்லை. 1962 ஜூலை 10-ஆம் தேதி டெல்ஸ்டார் செயற்கைக்கோளை ஏவிய அன்றிரவே, அமெரிக்காவின் ஆண்டோவர் நிலையத்திலிருந்து படம் அனுப்பினார்கள். பிரான்சின் ப்ளூமர்-போடுவில் படம் பளிச்சென்று வந்தது. இங்கிலாந்தின் கூன்ஹில்லியில் சரியாகவே வரவில்லை. காரணம், வட்ட முனைவாக்கம் எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதை இரு தரப்பும் வேறு வேறாகப் புரிந்துகொண்டிருந்தார்கள், கூன்ஹில்லியில் ஒரு சின்ன பாகம் தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. அடுத்த நாளே திருத்திவிட்டார்கள். ஆயிரம் டன்னுக்கு மேல் எடையுள்ள ஆன்டெனா கட்டியவர்களுக்கே அது நடந்தது. அந்த வரலாற்றைப் படித்தபோது எனக்கு மனசு லேசானது.

பரவளையம் (#7)

செவ்வந்தி எழுதியதைப் படிக்கும்போது என் உள்ளங்கையே வேர்த்துவிட்டது, அம்மா. அந்த ‘34, 35, 34’ எங்களுக்கும் மனப்பாடம்.

குறி வைப்பது பற்றி ஒன்று சேர்க்கிறேன். 30 மீட்டர் டிஷ்ஷின் கற்றை 6 கிகாஹெர்ட்ஸில் 0.12 டிகிரி அகலம்தான். முழுநிலவு வானில் அரை டிகிரி. ஆக நிலவின் அகலத்தில் கால் பங்குக்குள் செயற்கைக்கோளைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். புவிநிலை என்று பெயர் இருந்தாலும் அது ஆணி அடித்தது போல் நிற்காது. சூரியனும் சந்திரனும் இழுக்க, நாள் முழுக்க வானில் ஒரு சின்ன எட்டு வரைந்துகொண்டே இருக்கும். அதனால் நூற்றுக்கணக்கான டன் எடையை மோட்டார்கள் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கும், செயற்கைக்கோள் அனுப்பும் பீக்கன் என்னும் அடையாள அலை கூடினால் அதே திசையில் இன்னும் கொஞ்சம், குறைந்தால் திரும்பி வரும். ஸ்டெப் டிராக் என்பது இதுதான். வீட்டு மாடியில் இருக்கும் 60 செ.மீ. டிஷ்ஷுக்கு இந்தக் கவலை இல்லை. அதன் கற்றை கிட்டத்தட்ட 3 டிகிரி, ஒருமுறை வைத்தால் வைத்ததுதான்.

மேலே பெரிதாக்கினால் கீழே எவ்வளவு எளிதாகும் என்பதற்கு நான் எப்போதும் சொல்வது 1975-76-இல் நடந்த சைட் என்னும் செயற்கைக்கோள் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை. நாசாவின் ஏ.டி.எஸ்-6 செயற்கைக்கோள் விண்ணில் போய்க் குடை போல விரியும் 9 மீட்டர் ஆன்டெனா வைத்திருந்தது. அதனால் இந்தியாவில் 2,400 கிராமங்களில் கோழி வலைக் கம்பியால் செய்த 3 மீட்டர் டிஷ்ஷை வைத்தே படம் பார்த்தார்கள். 860 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 35 செ.மீ., அதற்கு முன்னால் கோழி வலை ஓட்டையெல்லாம் ஓட்டையே இல்லை. ஆனால் அந்தக் கோழி வலைக்கு நிகழ்ச்சி வருவதற்கு அகமதாபாத்திலிருந்து பெரிய தரை நிலையம் ஒன்று மேலே அனுப்பிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கான சின்ன டிஷ்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு பெரிய டிஷ் கண்டிப்பாக நிற்கும்.

கார்முகில் (#8)

ஆழ்கடல் அண்ணா, ஒரு சந்தேகம். கம்பி அறுந்தால் என்ன ஆகும்? அப்போது இந்த நிலையங்கள்தானே கை கொடுக்கும்?

ஆழ்கடல் (#9)

கொடுக்கும், ஆனால் எவ்வளவு என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உலகம் முழுக்க வருடத்துக்கு 150 முதல் 200 வரை கம்பிப் பழுதுகள். பெரும்பாலும் மீன்பிடி வலையும் நங்கூரமும்தான் காரணம். பல கம்பிகள் உள்ள நாட்டில் இது செய்தியாகக்கூட வராது.

ஒரே கம்பியை நம்பிய நாடு டோங்கா. 2022 ஜனவரி 15-இல் எரிமலை வெடித்துக் கடலடிக் கம்பி சிதறிப்போனது. வெளிநாட்டுத் தொடர்பு திரும்ப ஐந்து வாரம். வெளித் தீவுகளுக்குப் போகும் உள்நாட்டுக் கம்பி சரியாக ஏறக்குறைய ஒன்றரை வருடம். அந்த நாட்களில் செயற்கைக்கோள்தான் அவர்களுக்கு வாசல். வெளிநாட்டில் இருந்த உறவினர்கள் நாள் கணக்கில் குரலுக்காகக் காத்திருந்தார்கள். முதல் குரல்கள் வந்தது செயற்கைக்கோள் வழியேதான். ஆனால் கம்பி சுமந்ததில் மிகச் சிறிய பங்கைத்தான் அது சுமந்தது. குரல், குறுஞ்செய்தி, அவசர வேலை. காணொளிக்கு இடமில்லை. அதனால் ஃபைபருக்கு ‘மாற்று’ என்று சொன்னால் எனக்கு உடன்பாடில்லை. உயிர் போகாமல் பிடித்து வைக்கும் கை என்றால் முழுக்க உடன்படுகிறேன். இதில் கம்பிக்காரனாகிய எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

மின்னல்கொடி (#10)

இதே வரிசையில் பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன், பாடத்தில் இது வருவதே இல்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ஐரோப்பாவில் கா-சாட் செயற்கைக்கோள் வழி இணைய சேவை முடங்கியது. செயற்கைக்கோளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. தாக்கியவர்கள் தரையில் இருந்த நிர்வாக வலைப்பின்னலுக்குள் நுழைந்து, ஆயிரக்கணக்கான பயனர் மோடம்களின் நினைவகத்தை அழித்துவிட்டார்கள். ஜெர்மனியில் சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதியும் அதோடு போனது. நாங்கள் இங்கே பணிநேரம் மாறும்போது முதலில் பார்ப்பது வானத்தை அல்ல, யார் யார் உள்நுழைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலை.

கார்முகில் (#11)

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. நண்பனுக்கு இழையை அனுப்பிவிட்டேன். இன்னொன்று. மார்ச், செப்டம்பர் மாதங்களில் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போவதால் சேவை தடைபடும் என்று குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். அதுதானே சன் அவுட்டேஜ்?

பரவளையம் (#12)

இல்லை தம்பி, இரண்டும் வேறு. ஒரே பருவத்தில் வருவதால் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

பூமியின் நிழலுக்குள் போவது நள்ளிரவை ஒட்டி, அதிகபட்சம் 72 நிமிடம். அப்போது சூரியத் தகடு வேலை செய்யாது, பேட்டரியில் ஓடும். பேட்டரி நன்றாக இருந்தால் கீழே யாருக்கும் தெரியாது.

சன் அவுட்டேஜ் பகலில் வருவது. நம் டிஷ், செயற்கைக்கோள், அதற்குப் பின்னால் சூரியன், மூன்றும் ஒரே கோட்டில் வந்துவிடும். சூரியனே ஒரு பெரிய இரைச்சல் மூலம், அந்த முணுமுணுப்பை மூழ்கடித்துவிடும். சில நாட்கள், நாளுக்குச் சில நிமிடங்கள். சின்ன டிஷ்ஷுக்கு அதிக நாட்கள் நீளும், பெரிய டிஷ்ஷுக்குக் குறைந்த நாட்கள், ஆனால் அடி பலமாக விழும். எந்த நாள் எத்தனை மணிக்கு என்று முன்கூட்டியே கணக்கிட்டு எல்லோருக்கும் தெரிவித்துவிடுவோம்.

கணக்கு இல்லாமலும் கண்டுபிடிக்கலாம். டிஷ்ஷின் முன்னால் கால்களில் நிற்கும் சின்னத் துணைப் பிரதிபலிப்பான் இருக்கிறதே, அதன் நிழலைப் பாருங்கள். அந்த நிழல் டிஷ்ஷின் நட்ட நடுவில் வந்து உட்காரும் நேரம்தான் அவுட்டேஜின் உச்சம். இன்னும் சில நாளில் வரும். அந்த நிலையத்தில் கேட்டுப் பாருங்கள், விடுவார்கள்.

கார்முகில் (#13)

போனேன் ஐயா! நண்பனையும் இழுத்துக்கொண்டு போனேன்.

9 மீட்டர் டிஷ் பக்கம் நின்றோம். நிழல் ஒரு பக்கத்திலிருந்து மெல்ல ஊர்ந்து வந்தது, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற வேகம். நான் வெளியே நின்று நிழலைச் சொல்ல, அவன் உள்ளே சிக்னலைக் கோடாகக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் முன்னால் நின்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தான். நிழல் நடுவுக்கு இரண்டு விரல் அகலம் இருக்கும்போதே “டேய், கீழ்க்கோடு எழும்புதுடா” என்றான். கேரியரின் முனை அப்படியே இருக்க, அதன் அடியிலிருந்த இரைச்சல் தளம் தண்ணீர் ஏறுவது போல ஏறிக்கொண்டே வந்ததாம். நிழல் நடுவில் பொருந்துவதற்குச் சற்று முன்னால் மோடத்தின் பச்சை விளக்கு சிவப்பானது. அடுத்தடுத்து மூன்று மோடம்கள். அங்கிருந்த அக்கா நேரத்தைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார், பதற்றமே இல்லை. மொத்தம் நான்கு நிமிடம். நிழல் மறுபக்கம் நகர்ந்தது, விளக்குகள் ஒவ்வொன்றாகப் பச்சைக்குத் திரும்பின.

நாளைக்கும் வரலாமா என்று அவன்தான் கேட்டான். வரச் சொல்லியிருக்கிறார்கள்.